ஊருக்குச் சொந்தமாய் ஒரு கார்

எமது சிறு நகரங்களில் எதனை எடுத்துக்கொண்டாலும் இரண்டு காட்சிகள் அருகருகே நிற்கக் காணலாம். ஒரு புறம், படலைக்கு உள்ளே, தகரக் கொட்டிலின் நிழலில் துணியாற் போர்த்து வைக்கப்பட்டிருக்கும் கார். மறு புறம், பஸ் தரிப்பிடத்துச் சீமெந்து வாங்கிலே கிளினிக் கொப்பியையும் மருந்துப் பையையும் மடியில் வைத்துக் காத்திருக்கும் மூதாட்டி. காருக்கு வேலை இல்லை; மூதாட்டிக்கு வாகனம் இல்லை. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தூரம் சில நூறு மீற்றர்தான். ஆயினும் அந்தத் தூரத்தைக் கடக்க எமது சமுதாயம் இன்னும் வழி காணவில்லை.

வழி உண்டு என்பதே நாம் இங்கு கூற முற்படுவது. ஒரு சிறு நகரத்தில் இருபது முப்பது குடும்பங்கள் கூடி, கூட்டுறவு முறையில் ஒரு காரை வாங்கி, அதனைப் பொதுவில் வைத்து ஆளலாம். தேவைப்படுபவர் முன்கூட்டியே பதிவு செய்து எடுத்துச் செல்வார். எடுத்த நேரத்துக்கும் ஓடிய தூரத்துக்கும் பணம் செலுத்துவார். திரும்பக் கொண்டுவந்து நிறுத்துவார். கார் எல்லா உறுப்பினருக்கும் உடைமை. எவருக்கும் தனியுடைமை அன்று. இது கனவு அன்று. உலகின் வேறிடங்களில் நடந்து காட்டிய காரியம். ஆனால் இதனைத் தொடங்குவது எளிதெனினும், சரியாகத் தொடங்குவது ஒரு போராட்டம். அப்போராட்டம் பணத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. எமது மனத்தோடும் நடத்த வேண்டியது.

பருத்தித்துறையை உதாரணமாகக் கொள்வோம். யாழ்ப்பாண நகரிலிருந்து ஏறக்குறைய 33 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கடற்கரைப் பட்டினம் அது. நாளாந்தம் வேலைக்கும் பாடசாலைக்கும் செல்வோருக்கு அங்கே கார் வேண்டியதில்லை, பஸ்ஸே வேண்டும். ஆனால் வாழ்க்கை முழுவதும் பஸ் நேரசூசியின்படி நடப்பதில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்காகத் தெல்லிப்பழைக்குச் செல்பவர், சிகிச்சை முடிந்து உடல் சோர்ந்து திரும்பும் வேளையில் பஸ் மாறி ஏறி, நின்று பயணம் செய்ய வேண்டியவராகிறார். வடமராட்சி கிழக்கின் கரையோரக் கிராமமொன்றிலிருந்து வரும் கர்ப்பிணித் தாய்க்கு மாதாந்தப் பரிசோதனையே ஒரு நாட் கூலியின் இழப்பாகிறது. அவசர நோயாளிக்கு 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வருகிறது. அது போற்றத்தக்க சேவை. ஆயினும் அது கொண்டுபோய்ச் சேர்க்கும். வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவராது. கிளினிக் நாளுக்கு அதனை அழைக்கவும் முடியாது, அழைக்கவும் கூடாது. இந்த இடைவெளியிலேதான் எளிய குடும்பம் வாடகைக் கார் பிடித்துக் கடனாளியாகிறது. சற்று வசதியுள்ள குடும்பமோ, மாதத்தில் நான்கு நாட் தேவைக்காக லீசிங் எடுத்து, முப்பது நாளும் வட்டி கட்டுகிறது.

பொதுவில் வைத்துப் பயன்படுத்துவது எமக்குப் புதிய வித்தை அன்று. எமது ஊர்களில் எந்தக் குடும்பமும் கலியாணத்துக்கென நூறு கதிரை வாங்கி வீட்டில் அடுக்கி வைப்பதில்லை. சனசமூக நிலையத்திலோ மரண உதவிச் சங்கத்திலோ கதிரையும் கிடாரமும் பந்தற் தகரமும் எடுத்து, காரியம் முடிந்ததும் எண்ணி ஒப்படைக்கிறோம். உடைந்த கதிரைக்குத் தண்டம் கட்டுகிறோம். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளிலே கிணற்றுப் பங்கும் வாய்க்காற் பங்கும் எழுதப்பட்டிருப்பதை அறியாதார் யார்? ஒரு கிணற்றைப் பல வளவுகள் பகிர்ந்து, முறை வைத்து இறைத்துத் தோட்டம் செய்த மக்கள் நாம். கதிரைக்கும் கிணற்றுக்கும் பொருந்திய நியாயம் காருக்குப் பொருந்தாது போவது எவ்வாறு?

கூட்டுறவும் எமக்கு அந்நியமானதன்று. 1844இல் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 28 தொழிலாளர் கூடித் தொடங்கிய சிறு கடையின் வழிவந்த அந்த இயக்கம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இலங்கையில் வேர்கொண்டது. சங்கக்கடை என்ற சொல்லை அறியாத குடும்பம் வடக்கில் இல்லை. 1930களில் மூளாய் மக்கள் கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையையே நிறுவிக் காட்டினர். ஒரு வைத்தியசாலையை ஆள முடிந்த மக்களுக்கு ஒரு காரை ஆள முடியாதா?

இனி, அண்மைக்கால அனுபவம் கற்பித்த பாடத்தையும் நோக்குவோம். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரி வரை நீடித்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏறிய வேகத்தை யாவரும் அறிவர். கொட்டிலில் நின்ற கார் ஓடாமலே சொத்தாகப் பெருகியது. ஒரு காரையேனும் வாங்கலாம் என்று எண்ணியிருந்த ஆசிரியனின் சேமிப்போ நின்ற இடத்திலேயே தேய்ந்தது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அறிவித்தது. எரிபொருள் வரிசையிலே நின்ற முதியோர் சிலர் அவ்வரிசையிலேயே உயிர் நீத்தனர். அவ்வாண்டு யூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் எனப் பங்கிடப்பட்டது. வரிசையின் குழப்பத்தை அது குறைத்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பங்கீட்டின் அடிப்படையைச் சற்று உற்று நோக்குக: பங்கு வண்டிக்கே வழங்கப்பட்டது, மனிதனுக்கு அன்று. கார் உடையவனுக்கு 20 லீற்றர். வண்டியே இல்லாதவனுக்கு ஒரு துளியும் இல்லை. நெருக்கடியின் மத்தியிலும் உடைமையே உரிமையாயிற்று. ஊருக்குப் பொதுவான ஒரு கார் அன்று இருந்திருக்குமாயின், அதே 20 லீற்றர் ஒரு குடும்பத்தின் வாராந்த ஓட்டத்துக்குப் பதிலாக, பத்து நோயாளரின் பயணத்துக்கு உதவியிருக்கும்.

இவ்வெண்ணம் பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என எவரும் கருதவேண்டாம். கார் வாங்க இயலாதவர்களின் தேவையிலிருந்தே இது பிறந்தது. 1948ஆம் ஆண்டிலேயே சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரில், தனித்தனியே கார் வாங்க வசதியற்ற சிலர், தாமே ஓட்டுவதற்கான கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர். 1987இல் அதே நாட்டின் ஸ்ரான்ஸ் என்ற சிறு நகரில் ஒரு சிலர் கூடி மீண்டும் அவ்வழியில் ஒரு சங்கத்தைத் தொடங்கினர். அதே ஆண்டிற் சூரிச்சில் தோன்றிய இன்னொரு சங்கத்தோடு 1997இல் அது இணைந்தது. அவ்விணைப்பில் உருவான மொபிலிற்றி என்ற நிறுவனம் இன்று அந்நாடு முழுவதும் ஏறக்குறைய 3000 வாகனங்களை வைத்திருக்கிறது. இன்னும் அது கூட்டுறவாகவே இருக்கிறது. அதன் கார்கள் நூற்றுக்கணக்கான புகையிரத நிலையங்களில் நிற்கின்றன என்பது கவனிக்கத்தக்கது. புகையிரதத்தில் வந்து இறங்குபவர் எஞ்சிய தூரத்துக்குக் காரை எடுக்கிறார். அங்கே கார், பொதுப் போக்குவரத்தின் போட்டியாளன் அன்று, அதன் கடைக்குட்டி.

தோல்வியும் உண்டு, அதனையும் மறைக்கலாகாது. அம்ஸ்ரடாம் நகரில் 1974இல் விற்கார் என்ற பெயரில் சிறிய மின்சாரக் கார்களைக் கொண்ட கூட்டுறவுத் திட்டம் ஓடத் தொடங்கியது. காலத்தை முந்திய முயற்சி அது. ஆயினும் எண்ணிய அளவுக்கு நிலையங்கள் அமையவில்லை. எடுத்த காரை நிறுத்த இடம் இல்லாத இடத்தில் எவர் எடுப்பார்? 1980களில் அது மறைந்தது. கார் வாங்குவது பாதி வேலைகூட அன்று என்பதும், அது நிற்பதற்குரிய பொது இடத்தை நகர ஆட்சியிடமிருந்து பெறுவதே முதல் வேலை என்பதும் அத்தோல்வி தரும் பாடங்கள். பருத்தித்துறை நகரசபையாயினும் வேறெந்தச் சபையாயினும், பஸ் நிலையத்தின் அருகே ஒரு காருக்குரிய இடத்தை ஒதுக்குவதால் ஏழையாகிவிடாது.

கணக்குக்கு வருவோம். பழைய சிறிய கார் ஒன்றின் விலை 40 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் ஒவ்வொன்றும் மாதத்தில் இரண்டு அரை நாள் எடுப்பதாயின், 25 குடும்பங்களுக்கு 50 அரை நாள். மாதத்தின் பகற் பொழுதில் 60 அரை நாட்கள் உண்டு. எஞ்சும் பத்து, பழுது பார்ப்பதற்கும் எதிர்பாராத தேவைக்கும் போதும். குடும்பத்துக்கு 1,60,000 ரூபா பங்கு. மாதம் 4,000 ரூபாவாக 40 மாதத்தில் கட்டி முடிக்கலாம். முதலிற் கூட்டுறவுக் கடன் பெற்று வாங்குவதாயின் அதன் வட்டியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்படியாயினும், தனியொருவன் 40 இலட்சத்தையும் அதற்குரிய வட்டியையும் தன் முதுகில் ஏற்றுவதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்குக.

பாவனைக்குரிய கட்டணம் இரண்டாகப் பிரிந்திருத்தல் வேண்டும். மணிக் கணக்கில் ஒன்று. கிலோமீற்றர் கணக்கில் ஒன்று. மணிக் கட்டணம் இல்லையேல் ஒருவர் காலையில் எடுத்த காரைத் தன் வாசலில் நிறுத்திவிட்டு மாலையிற் கொண்டுவருவார். கிலோமீற்றர்க் கட்டணம் இல்லையேல் நெடுந்தூரம் ஓடுபவரின் பெற்றோலுக்கும் ரயருக்கும் நோயாளி பணம் கட்டுவார். தனியார் பாவனைக்கென எடுத்த காப்புறுதி பொதுவாகப் பலர் கட்டணம் செலுத்தி ஓட்டும் வண்டிக்குச் செல்லாது. ஆதலின் சங்கத்தின் பெயரில், ஓட்டுபவர் பலர் என்பதை எழுத்தில் தெரிவித்தே காப்புறுதி பெறவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வரும் ஒவ்வொரு ரூபாவிலும் ஒரு பகுதியைத் தேய்மான நிதியாக ஒதுக்கித் தொடாமல் வைத்தல் வேண்டும். எமது பொது முயற்சிகளுட் பல களவினால் அழிந்தவை அல்ல. முதற் பொருள் தேய்ந்தபோது இரண்டாவதை வாங்க நிதி இல்லாமையால் அழிந்தவை. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கச் சட்டம் பதிவுக்கும் கணக்காய்வுக்கும் வழி வகுத்திருக்கிறது. அதனைத் தொல்லையாகக் கருதாமல் கவசமாகக் கொள்வதே அறிவுடைமை.

இனி மறுப்போரின் கூற்றுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது கூற்று கனவான்களுடையது. "பலர் கை பட்டால் வாகனம் கெடும், எனது காரை நான் அல்லாத ஒருவர் ஓட்டச் சம்மதியேன்" என்பர். வாகனம் கெடும் என்பது உண்மையான அச்சமாயின், அதற்குக் கையொப்பமிடும் ஓட்டப் பதிவேடும், எடுக்கும்போதும் ஒப்படைக்கும்போதும் இருவர் பார்வையிடும் விதியும், தண்டமும் மருந்தாகும். ஆனால் இக்கூற்றின் அடியிலே சொல்லப்படாத வேறொன்று கிடக்கிறது. அதனை நாம் சொல்லியே தீரவேண்டும். "நேற்று இந்த ஆசனத்தில் யார் இருந்தார்?" என்பதே அது.

பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்க வேண்டுமென 1930ஆம் ஆண்டளவில் விதிக்கப்பட்டபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பை ஆசிரியர்களாகிய வாசகர் அறிவர். தேநீர்க்கடைக்குள் நுழைந்து அதே குவளையிற் குடிக்கும் உரிமைக்காக 1950களிலும், ஆலயக் கதவு திறக்கப்படுவதற்காக 1968இல் மாவிட்டபுரத்திலும் மக்கள் போராடினர். வாங்கு, குவளை, வாசற்படி என்று நகர்ந்த அந்த வரலாற்றிலே கார் ஆசனம் அடுத்த படியாகலாம். மேலே நாம் போற்றிய பங்குக் கிணறும் எல்லாருக்கும் உரிய கிணறாக இருந்ததில்லை. பங்காளர் தமக்குள் முறை வைத்து இறைக்க, ஒடுக்கப்பட்டோர் தண்ணீர் ஊற்றுவாரை எதிர்பார்த்து வேலிக்கு வெளியே நின்றனர். பகிர்ந்துண்ணும் பண்பாடு எமக்கு உண்டு எனப் பெருமை பேசுவோர், யாரோடு பகிர்ந்தோம் என்ற கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

ஆதலின் இச்சங்கத்தின் விதிகளுள் முதல் விதி இதுவாக இருத்தல் வேண்டும்: பங்குப் பணத்தின் முதல் தவணையைக் கட்டிய எவருக்கும் உறுப்புரிமை மறுக்கப்படலாகாது, இருக்கும் உறுப்பினர் சிபாரிசு செய்தாலே புதியவர் சேரலாம் என்ற ஏற்பாடு அறவே கூடாது. சிபாரிசு என்பது படித்தவர் கட்டும் வேலி. எத்தனை பங்கு வைத்திருப்பினும் ஒருவருக்கு ஒரு வாக்கு. சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவரும் முழு உறுப்பினரே. அவருக்காக ஓட்டுவதற்குச் சாரதிகளின் பட்டியல் ஒன்றைச் சங்கமே வைத்திருத்தல் வேண்டும். இன்றேல் இது ஓட்டத் தெரிந்த ஆண்களின் சங்கமாகவே முடியும். காரின் தேவை மிகுதியாக உள்ள முதியோரும் விதவைகளும் மீண்டும் யாரோ ஒருவரின் தயவுக்குக் காத்திருப்பர்.

இரண்டாவது கூற்று எமது தோழர்களுடையது. "கார் நடுத்தர வர்க்கத்தின் மோகம், மக்களுக்கு வேண்டியது பஸ், இவ்வாறான சீர்திருத்த முயற்சிகள் அரசின் கடமையை மறக்கச் செய்யும்" என்பர். இக்கூற்றின் முற்பகுதியை நாம் முழு மனத்தோடு ஏற்கிறோம். 1958 சனவரி முதலாம் நாள் தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானமை இந்நாட்டு உழைக்கும் மக்களின் பெரும் வெற்றி. ஆனால் அதன் பின் நிகழ்ந்தது யாது? 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் டிப்போக்கள் தனித்தனிக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. அதற்கு இட்ட பெயரோ 'மக்கள்மயமாக்கல்'! பின்னர் 2005இல் புதிய சட்டத்தின் மூலம் சபை மறுபடியும் அமைக்கப்பட்டது. இத்தனை மாற்றங்களிலும் பயணியின் கருத்தைக் கேட்டவர் யார்? பஸ் மக்களின் பெயரில் இருந்தது; மக்களின் கையில் இருக்கவில்லை. அதனாலேயே அதனைக் கூறு போட்டபோது மக்கள் பார்வையாளராய் நின்றனர்.

ஒரு காரையேனும் தாமே வாங்கி, தாமே கணக்கெழுதி, தாமே விதி செய்து, விதி மீறியவரைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டுப் பழகிய மக்கள், நாளை பஸ் டிப்போவின் கணக்கையும் கேட்பர். பொதுவுடைமை மேடையிற் பேசிப் பெறும் அறிவு அன்று. பொதுப்பொருளைக் கையாண்டு பெறும் பயிற்சி. அத்தோடு, கார்ச் சங்கத்தின் உறுப்பினர் தன் சொந்தக் காரை விட்டவர் அல்லது வாங்காது நின்றவர். பஸ் ஓடாவிட்டால் அவரும் வீதியில் நிற்பார். பஸ்ஸுக்காகக் குரல் கொடுப்போரின் தொகை இதனாற் கூடுமேயன்றிக் குறையாது. சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் தோறும் ஊரின் பஸ் சேவை பற்றியும் ஒரு தீர்மானம் நிறைவேறட்டும்.

மூன்றாவது கூற்று மெல்லிய குரலில் வருவது; ஆதலால் மிக ஆபத்தானது. "எதற்கு இத்தனை பாடு? இலண்டனிலோ கனடாவிலோ உள்ள எமது ஊரவர் சங்கத்திடம் கேட்டால் ஒரு காரை அன்பளிப்பாகத் தருவார்கள்" என்பது. புலம்பெயர்ந்தோரின் ஊர்ப்பற்றை நாம் இகழவில்லை. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் அவர்தம் உதவியால் உயிர் பிழைத்த குடும்பங்கள் பல. ஆனால் அன்பளிப்பாக வந்த காருக்குத் தேய்மான நிதி எவரும் சேர்ப்பதில்லை. கொடுத்தவரின் பெயர் கண்ணாடியில் எழுதப்படும். திறப்பு கொடுத்தவரின் உறவினர் கையில் இருக்கும். முதற் பெரும் பழுதோடு கார் மதிற்கரையில் நிற்கும். புலம்பெயர்ந்தவர் உதவ விரும்பின், அவரும் மற்றவரைப் போல ஒரு பங்கை வாங்கி ஒரு வாக்கோடு இருக்கட்டும். தம் ஊர் வீட்டில் ஆண்டு முழுவதும் நிற்கும் காரைச் சங்கத்துக்கு நியாய விலையில் விற்க முன்வரின், அது அன்பளிப்பிலும் பெரிய உதவியாகும்.

இன்னுமொரு குரல் உண்டு. அது மறுப்பு அன்று; முறைப்பாடு. பஸ் நிலையத்தருகே நிற்கும் முச்சக்கர வண்டிச் சாரதி, "எனது ஓட்டத்தை நீங்கள் பறித்துவிட்டால் என் லீசிங் காசை யார் கட்டுவது?" என்று கேட்பார். இக்கேள்வியை எதிரியின் கேள்வியாகக் கருதுபவர் இச்சங்கத்தை நடத்தத் தகுதியற்றவர். அவரும் கடனில் மூழ்கிய உழைப்பாளியே. குறுந்தூர ஓட்டத்தைச் சங்கக் கார் தொடலாகாது. குறைந்தபட்ச நேரம் மூன்று மணி என விதித்தால் ஊருக்குள் ஓடும் சவாரி அவருக்கே நிற்கும். சங்கத்தின் சாரதிப் பட்டியலில் முதலிடம் அவருக்கும் அவர் தோழருக்கும் வழங்கப்பட்டு, நாட் கூலி நிர்ணயிக்கப்பட வேண்டும். அவர் வெளியே நிற்க, நாம் உள்ளே 'பொது' என்று பேசுவது போலித்தனம்.

யார் இதனைத் தொடங்குவது? ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கியே நாம் எழுதுகிறோம். விதிகளை எளிய தமிழில் எழுதவும், கணக்கைச் சுவரில் ஒட்டவும், இன்றைய கைத்தொலைபேசியில் முன்பதிவை ஒழுங்கு செய்யவும் வல்லவர்கள் நீங்கள். ஆனால் எழுதத் தெரிந்தவர் ஆளத் தொடங்கிவிடுவது எமது சங்கங்களின் பழைய நோய். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் பாடசாலை ஒன்றிலிருந்தே வருவரேல், அச்சங்கம் ஆசிரியர் ஓய்வறையின் நீட்சியாகிவிடும். மீனவரும் தோட்டத் தொழிலாளியும் தையற்காரியும் நிர்வாகத்தில் அமரும்வரை பெயர்ப்பலகை மாட்ட வேண்டாம்.

முதற் கூட்டத்துக்கு மண்டபம் வேண்டியதில்லை. சனசமூக நிலையத்தின் விறாந்தை போதும். அக்கூட்டத்தில் கார் எந்த நிறம், எந்த நாட்டுத் தயாரிப்பு என்று பேசி நேரம் போக்காதிருப்போமாக. யாருக்கு எந்த நாளில், எவ்விடத்துக்குப் போகவேண்டியிருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியல் ஒன்று மேசைமேல் இருக்கட்டும். ஊரின் கடைசி ஒழுங்கையிலுள்ள வீடும் அப்பட்டியலில் இருக்கிறதா என்று முதலிற் பார்ப்போம். இல்லையெனின், கூட்டத்தை ஒரு கிழமை ஒத்திவைத்து, அவ்வொழுங்கைக்குச் சென்று வருவோம்.